எண் இல்லாத முதல் வரி

அடுத்த வாரத்திலிருந்து நான் சப்போர்ட் மேசையில் இருக்க மாட்டேன். ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு ஓய்வா என்று சிரித்தார்கள். பக்கத்து அறையில் இருக்கும் டிசைன் குழுவுக்குப் போகிறேன், அவ்வளவுதான். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

உங்களுக்கான குறிப்புகளை எல்லாம் ஏற்கெனவே ஃபோல்டரில் போட்டுவிட்டேன். எந்தச் சர்வர் எங்கே, யாரை எப்போது எழுப்பலாம், யாரை எப்போதும் எழுப்பக்கூடாது என்று வகை பிரித்து, எண் போட்டு, அதற்கு ஓர் அட்டவணையும் போட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் போடாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போகத் தெரியாதவள் நான். ஆனால் அந்தக் குறிப்புகளில் அடங்காத சில விஷயங்கள் உண்டு. அவற்றை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களைக் கொஞ்சம் கிண்டல் செய்துகொள்ளும் உரிமையோடு.

உங்களில் ஒருவர், வந்த முதல் வாரமே, குறிப்பிட்ட சில விவசாயிகளின் விவரம் வேண்டும் என்று டேட்டாபேஸிடம் கேட்க ஒரு க்வெரி எழுதினார். அவர்களுடைய எண்களை வரிசையாகக் காற்புள்ளி போட்டு எழுதி, மொத்தத்தையும் ஒரே மேற்கோள் குறிக்குள் அடைத்துவிட்டு, பதிலே வரவில்லை என்று என்னிடம் வந்தார். எப்படி வரும்? டேட்டாபேஸ் அந்த முழு நீளத்தையும் ஒரே ஒரு விவசாயியின் எண் என்று எடுத்துக்கொண்டது. ரயில் நீளத்துக்கு எண் வைத்திருக்கும் அந்த ஒருவரைத் தாலுகா தாலுகாவாகத் தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று பணிவாகச் சொன்னது. இன்னொருவர் எண்களை எக்செல் வழியாகக் கொண்டுவந்தார். முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்செல் தின்றுவிட்டது. பாதி விவசாயிகள் காணாமல் போனார்கள். அவர் இரண்டு நாள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நல்ல தவறுகள். பதில் வராது, நமக்குத் தெரிந்துவிடும். ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் க்வெரிகளில் இன்னொரு வகைத் தவறு உண்டு. அது தவறு போலவே இருக்காது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

குண்டலுபேட்டை செண்டுமல்லி ஆலை நம் வாடிக்கையாளர் என்பது உங்களுக்குத் தெரியும். பூவிலிருந்து நிறம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் ஒப்பந்தத்தில் பூ பயிரிடுகிறார்கள். தாளவாடிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக்கூட வருகிறார்கள். அன்றைக்குப் பறிக்கப் பதிவு செய்தவர்களுக்கு விடியற்காலையில் நம் மென்பொருள் ஒரு டோக்கனை அவர்களுடைய போனுக்கு அனுப்பும். டோக்கன் இல்லாத வண்டிக்கு ஆலைக் கதவு திறக்காது.

இதில் ஒரே ஒரு விலக்கு. பூச்சிமருந்து அடித்தவர்கள் அந்த மருந்தின் வீரியம் போகும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் பெயர்கள் ஒரு நிறுத்திவைப்புப் பட்டியலில் இருக்கும். ஆகவே க்வெரி எளிதானது: இன்று பதிவு செய்தவர்களில், அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார் யார்? அவர்களுக்கு டோக்கன்.

தசரா முடிந்த மறுநாள் காலை. மைசூரில் தசராவுக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று இந்த ஆண்டு பார்ப்பீர்கள். ஊர்வலம் போன சாலையில் மூங்கில் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், ஆபீசில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் மானிட்டரில் இருந்தது. பூஜைக்குத் தூவிய பொரியில் ஒன்று கீபோர்டில் எங்கோ புகுந்துகொண்டு, என்டரைத் தட்டும்போதெல்லாம் நறுக் என்றது. நான் தனியாள். சப்போர்ட் எண்ணை என் மொபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

முதலில் கூப்பிட்டவர் ஆலையின் கொள்முதல் மேற்பார்வையாளர் மாதேஷ். ஹனூர்க்காரர். நல்ல மனிதர், குரல்தான் எப்போதும் ஆலைச் சங்கு மாதிரி இருக்கும்.

"மேடம், யாருக்கும் டோக்கன் வர்ல. ஒரு ஆளுக்குக்கூட வர்ல. கேட்டுக்கு வெளிய வண்டியா நிக்குது. பண்டிகைக்குப் பூராப் பூவையும் மார்க்கெட்டுக்குக் குடுத்துட்டு இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா இங்க வந்துட்டாங்க!"

"பார்க்கறேன் மாதேஷ். அவசரத்துக்கு நீங்க கையால டோக்கன் எழுத முடியும் இல்ல?"

"ஒருத்தருக்கு எழுதலாம். அதுக்கே வயல் ஆபீசர் குடுத்த சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். இந்த ரோட்டுல நிக்கற எல்லாருக்கும் நான் எழுதி முடிக்கறதுக்குள்ள பொங்கல் வந்துடும் மேடம். ஒருத்தருக்கு மட்டும் எழுதினா மத்தவங்க என்னைப் பூவோட சேர்த்து அரைச்சுடுவாங்க."

அவர் வைத்தவுடன் இன்னொரு அழைப்பு. தெரியாத எண். ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, கார்டுல போட்ட நம்பருங்களா இது? நான் சிவகாமிங்க. தாளவாடிப் பக்கத்துல இருந்து பூ கொண்டாந்திருக்கேன். வண்டி கேட்டுல மொத ஆளா நிக்குதுங்க. டோக்கன் வர்லீங்க."

"யாருக்குமே வரல அக்கா. சரி பண்ணிட்டிருக்கோம்."

"அது தெரியுதுங்க அம்மிணி. எப்ப வரும்னு கேட்டனுங்க. பனியோட பறிச்ச பூ. மூட்டைக்குள்ள கையை விட்டா இப்பவே கதகதன்னு இருக்குது. வெயில் ஏறுச்சுன்னா நடுவுல வெந்துபோயிரும். இத்தனை வருசமா கொழுந்தனார் நம்பர்லதான் என்ற பூவும் போச்சு. இந்தத் தடவைதான் என்ற பேருல தனி நம்பர் வாங்கியிருக்கேன். மொத லோடு திரும்பிப் போச்சுன்னா அடுத்த வெள்ளாமைக்கு நாத்து குடுக்க மாட்டாங்கல்லீங்க. அவரும் பொறவால வண்டியில நிக்கறாரு. 'தனி நம்பர் எப்படி இருக்குது அண்ணி'ன்னு காலையில இருந்து இதோட பத்துத் தடவை கேட்டுட்டாருங்க."

அவர் சொன்னது உண்மைதான். புதிய விவசாயிகளுக்கு ஆலை வைத்திருக்கும் விதி அது. முதல் லோடு கெட்டுப்போய்த் திரும்பினால் அடுத்த பருவத்துக்கு நாற்று கிடையாது. எத்தனையோ வண்டிகள் நின்றன. எனக்கு அந்தக் காலை முழுக்க ஒரே வண்டிதான் கண்ணில் நின்றது. இப்படி ஒருவர் மட்டும் கண்ணில் நிற்பது நல்லதா என்று பிறகு யோசித்திருக்கிறேன். வேகமாக வேலை செய்ய வைக்கும். தப்பான பட்டனையும் அழுத்த வைக்கும்.

க்வெரியை ஓட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. மிக வேகமாக, மிக அமைதியாக, யாருமில்லை என்ற பதில். நம் வேலையில் சிவப்பு எழுத்தில் கத்தும் பிழைக்குப் பயப்பட வேண்டாம். இப்படிச் சிரித்த முகத்தோடு வரும் வெறுமைக்குத்தான் பயப்பட வேண்டும்.

எங்கள் டீம் லீட் குடும்பத்தோடு மேல்கோட்டையில் இருந்தார். போன் செய்தேன். பின்னால் கோயில் மணியும் யாரோ குழந்தையை அதட்டுவதும் கேட்டன.

"ஏம்மா, சிம்பிள். அந்தப் பட்டியல் கண்டிஷனைத் தூக்கிடு. பதிவு பண்ண எல்லாருக்கும் டோக்கன் அனுப்பிடு. ஆமேலே பார்த்துக்கலாம்."

'ஆமேலே' என்றால் கன்னடத்தில் 'அப்புறம்'. நம் லீட் தமிழ் பேசும்போது அவசரத்தை எல்லாம் கன்னடத்தில்தான் வைத்திருப்பார்.

"மருந்தடிச்ச பூவும் உள்ள போயிடும் சார்."

"ஒரு நாள்தானே?"

"ஒரு வண்டி போதும் சார். உள்ள போனா எல்லாப் பூவையும் ஒரே குவியலாத்தான் கொட்டறாங்க. எது யாருதுன்னு அப்புறம் பிரிக்க முடியாது."

பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, அனுப்பாதே. ஆனா க்வெரியை வெச்ச கண் வாங்காம பார்த்துட்டு உக்காராதே. எத்தனை பேர் வரணும்னு முதல்ல சொல்லு."

"தெரியாது சார்."

"அது தெரியாம, வந்த பதில் தப்புன்னு எப்படிச் சொல்ற?" என்றார். "இரும்மா, பிரசாதம் கொடுக்கறாங்க" என்று வைத்துவிட்டார்.

புளியோதரைக்காக என்னை நடுவில் விட்டுவிட்டுப் போனாரே என்று அப்போது எரிச்சல் வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. தாளை எடுத்தேன். ஆம், பட்டியல்தான். இன்று பதிவு செய்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் நிறுத்திவைப்புப் பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை பேர். இல்லாதவர்கள் எத்தனை பேர்.

பதிவு செய்தவர்கள் நிறைய. பட்டியலில் இருப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள். பட்டியலில் இல்லாதவர்கள் யாருமில்லை.

இதை மறுபடி படியுங்கள். ஒரு கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்டவர்கள் நாலைந்து பேர், சிவப்புச் சட்டை போடாதவர்கள் யாருமே இல்லை என்றால், மீதிக் கூட்டம் எங்கே? நம் டேட்டாபேஸ் இந்த இரண்டு பதில்களையும் ஒரே மூச்சில், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னது. இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் யாரோ நிற்கிறார்கள்: இருக்கிறார்களா இல்லையா என்று டேட்டாபேஸால் சொல்ல முடியாதவர்கள்.

யார் அது? முந்தாநாள் பட்டியலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வந்தது. ஆகவே க்வெரியில் கோளாறு இல்லை, இன்றைய பட்டியலில்தான் ஏதோ. அதைத் திறந்தேன். மாதேஷ் நேற்று புதிதாக ஆரம்பித்திருந்த பட்டியல். முதல் வரியிலேயே என் கை நின்றது.

பெயர் என்ற இடத்தில், கன்னட எழுத்தில்: ஸ்ரீ மாதேஸ்வர சுவாமி பிரசன்ன.

ஊர்: மலை.

விவசாயி எண் என்ற இடம் காலி. நிறுத்திவைப்பு எப்போது முடியும் என்ற இடமும் காலி.

நேற்று விஜயதசமி. நல்ல நாள். மாதேஷ் பழைய பட்டியலை மூடிவிட்டுப் புதியதைத் திறந்திருக்கிறார். புதிதாக எதை எழுத ஆரம்பித்தாலும் தலைப்பில் சாமி பெயர் எழுதித்தானே பழக்கம்? தாளாக இருந்தால் மேலே ஓரத்தில் எழுதியிருப்பார். எக்செல்லில் ஓரம் கிடையாது. முதல் வரியைத் தன் ஊர்ப்பக்கத்து மலைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது வரியிலிருந்து விவசாயிகளை ஆரம்பித்திருக்கிறார். நம் மென்பொருளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பூச்சிமருந்து அடித்த குற்றத்துக்காக மலை மாதேஸ்வரரைக் காலவரையின்றி நிறுத்திவைத்துவிட்டது.

இதில் சிரிப்பைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. காலியான இடத்தை நாம் 'ஒன்றுமில்லை' என்று படிக்கிறோம். டேட்டாபேஸ் அதை 'என்னவென்று தெரியாது' என்று படிக்கிறது. வாசலில் ஒரு காவலாளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாதவர்களை மட்டும் உள்ளே விடு என்று அவரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். தாளில் ஒரு பெயர் மட்டும் மை கொட்டி அழிந்திருக்கிறது. நீங்கள் போய் நிற்கிறீர்கள். படிக்க முடிந்த பெயர்களில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் அழிந்த பெயர் உங்களுடையதாக இருக்கலாமே? நிச்சயமாகச் சொல்ல முடியாது, நில்லுங்கள் என்கிறார். அடுத்தவர் வருகிறார். அவருக்கும் அதே பதில். யாரையும் விடவில்லை. அவர்மேல் தப்பில்லை. நாம்தான் அவரை அப்படி வேலைக்கு வைத்திருக்கிறோம்.

மாதேஷைக் கூப்பிட்டேன்.

"கண்டுபிடிச்சுட்டேன். உங்க பட்டியல்ல முதல் வரியை எடுத்துடுங்க, எல்லாருக்கும் டோக்கன் போயிடும்."

அந்தச் சங்குக் குரல் தணிந்தது. அது தணிந்து நான் கேட்டதே இல்லை.

"மேடம். ஆரம்பிச்ச மறுநாளே சாமி பேரை அழிக்கச் சொல்றீங்களா?"

"அழிக்க வேண்டாம், வேற எடத்துல வெச்சுக்கலாம்."

"வெச்ச எடத்துல இருந்து தூக்கறதும் அதேதான் மேடம். நீங்க வேணா உங்க பக்கத்துல இருந்து அழிச்சுக்குங்க. நான் பார்க்கல. நான் மாட்டேன்."

ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடிப்பது போனில் கேட்டது. ஒரு வரி. என் கையில் கீபோர்டு. ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. எனக்கும் பெரிய பக்தி என்று இல்லை. ஆனால் மாதேஷ் சொன்னதில் இன்னொரு நியாயம் இருந்தது, அவரே நினைக்காத நியாயம். இன்று சாமி பெயரை எடுத்தால் இன்றைக்குச் சரியாகிவிடும். நாளை யாரோ அவசரத்தில் எண் போட மறப்பார்கள். அடுத்த வருடம் அதே விஜயதசமி வரும். காலியிடம் வருவதை நிறுத்த முடியாது. காலியிடத்தைப் பார்த்துக் க்வெரி மிரள்வதை நிறுத்தலாம்.

ஆகவே பட்டியலைத் தொடவில்லை. க்வெரியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: எண் இல்லாத வரிகளைக் கணக்கில் எடுக்காதே. ஓட்டுவதற்கு முன் எத்தனை பேர் வர வேண்டும் என்று தாளில் எழுதினேன். ஓட்டினேன். அத்தனை பேரும் வந்தார்கள். இருப்பவர்கள், இல்லாதவர்கள், கூட்டினால் மொத்தம். லீடுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'அனுப்பு' என்று பதில் வந்தது. கூடவே தொன்னையில் புளியோதரையின் படம்.

டோக்கன்களை அனுப்பினேன். பொரி நறுக் என்றது. மாதேஷ் போனை வைக்காமல் இருந்தார். அவர் பக்கத்தில் முதலில் ஒரு போன் ஒலித்தது, அப்புறம் நாலைந்து, அப்புறம் ரோடு முழுக்க. "வந்துருச்சு மேடம், வந்துருச்சு!" என்றார். யாரோ விசில் அடித்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து, காலையில் ஆறிப்போன காபியைக் குடித்தேன். இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கும் அன்றைய எனக்கும் ஒரே வயது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிவகாமி கூப்பிட்டார்.

"அம்மிணி, எல்லாருக்கும் வந்துருச்சுங்க. எனக்கு மட்டும் வர்லீங்க. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. எனக்குப் பொறவால இருந்ததெல்லாம் உள்ள போகுது. கொழுந்தனார் வண்டியும் இப்பத்தான் போச்சு. போறப்ப கையை வேற ஆட்டிட்டுப் போறாரு."

அவருடைய எண்ணைத் தேடினேன். நிறுத்திவைப்புப் பட்டியலில் இருந்தது. மாதேஸ்வரருக்கு மூன்று வரி கீழே, எல்லாம் நிரப்பப்பட்டு, தெளிவாக.

காலை முழுக்க யாருக்காக அவசரப்பட்டேனோ, அவரைத் தவிர எல்லாரையும் உள்ளே அனுப்பியிருந்தேன். க்வெரி சரியாக வேலை செய்ததால்தான் அவர் வெளியே நின்றார். யாருக்குமே டோக்கன் வராத காலையில், தனக்கு வராததற்கு வேறு காரணம் இருக்கும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பெரிய கோளாறு சரியானதும் எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் நிழலில் நிற்கும் சின்னக் கோளாறுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒன்று சரியான பிறகு ஐந்து நிமிடம் மேசையை விட்டு எழாதீர்கள்.

"அக்கா, நீங்க மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சனுங்களே. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? புழு விழுந்துச்சு, வயல் ஆபீசரைக் கூட்டியாந்து காட்டிப்போட்டுத்தான் அடிச்சேன். ஆனா அது கீழ்க்காட்டுக்குங்க. இது மேல்காட்டுப் பூவு. கீழ்க்காட்டுல நான் ஒரு பூக்கூடக் கிள்ளலீங்க."

மேல்காடு, கீழ்க்காடு. அவர் பேச்சில் காடு என்றால் நிலம். நம் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. ஒரு விவசாயிக்கு ஓர் எண். எண் நின்றால் அவருடைய எல்லா மண்ணும் நின்றுவிடும். அவர் கொழுந்தனாரின் எண்ணிலேயே இருந்து, ஆபீசரைக் கூப்பிடாமலும் விட்டிருந்தால் இன்று மேல்காடு கீழ்க்காடு இரண்டுக்கும் டோக்கன் வந்திருக்கும், மருந்து அடித்தது யாருக்கும் தெரிந்திருக்காது. தனி எண் வாங்கி, ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டி, உண்மையைச் சொன்னதற்குத்தான் ஓரத்தில் நின்றார்.

"நீங்க எடுத்துவுட முடியாதுங்களா?" என்று கேட்டார். கெஞ்சவில்லை. கதவைத் திறக்க முடியுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

முடியும். அதுதான் பிரச்சினை. அந்த ஒரு வரியை அழிக்க எனக்கு எல்லா அனுமதியும் இருந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். நான் அவரை நம்பினேன். ஆனால் மைசூரில் உட்கார்ந்துகொண்டு குரலை வைத்து நம்புவது ஒன்று. அந்த மூட்டையில் இருப்பது எந்தக் காட்டுப் பூ என்று தெரிவது வேறு. நான் வரியை அழித்தால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிவிடுகிறேன். காலையில் டேட்டாபேஸ் செய்ததற்கு நேர் எதிர்த் தவறு.

"என்னால முடியாது அக்கா. ஆனா முடியற ஆள் அங்கேயே இருக்கார். வண்டியை எடுத்துடாதீங்க."

மாதேஷிடம் சொன்னேன். அவர் தயங்கினார்.

"சிஸ்டம் வேணாம்னு சொல்லுதே மேடம்."

"சிஸ்டத்துக்கு மேல்காடு கீழ்க்காடு தெரியாது மாதேஷ். உங்களுக்குத் தெரியும். ஒருத்தருக்குக் கையால எழுதலாம்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? வயல் சீட்டு இருக்குமே."

"நாளைக்கு டெஸ்ட்ல மருந்து தெரிஞ்சா என் கழுத்துக்கு வரும்."

"வரும். அதனால நான் சொல்றேன்னு எழுதாதீங்க. சீட்டைப் பாருங்க. அந்த மூட்டைல ஒரு சாம்பிளைத் தனியா எடுத்து வைங்க. உங்களுக்குத் திருப்தியா இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க."

"இத்தனை சொல்றதுக்கு அந்த ஒரு வரியை நீங்களே எடுத்துடலாமே மேடம்?"

"சாமி வரியை எடுக்க மாட்டேன்னீங்க. எனக்கு இந்த வரி."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போனை வைத்தார். நான் காத்திருந்தேன். சப்போர்ட் வேலையில் இதுதான் மிகக் கஷ்டமான பகுதி, இதற்கு எந்த ஆவணமும் கிடையாது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, செய்யக்கூடியதைச் செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பொரி விழுந்தது.

வெகு நேரம் கழித்து மாதேஷ் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். வயல் ஆபீசரின் சீட்டு. மருந்தின் பெயர், தேதி, பக்கத்தில் பென்சிலால் கன்னடத்தில் 'கீழ்க்காடு மட்டும்'. அடுத்த படத்தில் கையால் எழுதிய டோக்கன். அதில் மாதேஷின் கையெழுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அதன்பின் நாம் செய்தது உங்களுக்குத் தெரியும். இப்போது நிறுத்திவைப்பது விவசாயியின் எண்ணை அல்ல, நிலத்தின் எண்ணை. நிறுத்தும்போதே அவர்களுக்கு ஒரு செய்தியும் போய்விடும், கேட்டுக்கு வந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தை யார் கேட்டார்கள் என்று ஆவணத்தில் 'வாடிக்கையாளர்' என்று இருக்கும். அந்த வாடிக்கையாளருக்கு ஒரு குட்டியானை வண்டியும் இரண்டு காடுகளும் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதேஸ்வரர் இன்றும் முதல் வரியில்தான் இருக்கிறார். பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று உங்களில் யாராவது கிளம்பினால் மாதேஷ் உங்களோடு பேச மாட்டார். பேசினால் இன்னும் மோசம், அந்தக் குரல்.

சாயங்காலம் சிவகாமி கூப்பிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"எடை போட்டாச்சுங்க. அடியில இருந்த மூட்டை ரெண்டு வெந்துபோச்சு, தள்ளிட்டாங்க. மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டாங்க."

"முதல் லோடுன்னு பதிவாகியிருக்கா அக்கா? செய்தி வந்ததா?"

"வந்துச்சுங்க. கொழுந்தனார் டீக்கடையில நின்னுட்டிருந்தாரு. போனை அவருகிட்டக் குடுத்து, என்னமோ வந்திருக்குது, படிச்சுச் சொல்லுங்கன்னேன். சிவகாமி, பூ எடை ஏற்கப்பட்டது, நாத்துக்குத் தகுதின்னு சத்தமாப் படிச்சாரு. கடையில அத்தனை பேரும் கேட்டாங்க."

"உங்களுக்குப் படிக்க வராதா அக்கா?"

"நல்லா வருமுங்க," என்றார். "அவரு வாயால கேக்கோணும்னு இருந்துச்சு."